சோழிக்கு உப்புத் தண்ணீர்

சரவணா, கண்ணு,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். நேற்று போனில் நீ பேசியதைக் கேட்ட பிறகு அந்தக் கேள்விக்கு வேலையில்லை. "விசா வந்துடுச்சும்மா. அடுத்த மாசம் நானும் கவிதாவும் கெளம்பறோம். ஊருக்கு வர்றியான்னு மட்டும் என்னைக் கேக்காத" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நான் பதில் சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பாய். போனில் நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் உனக்கு வேறு யாராவது போன் செய்துவிடுகிறார்கள். பால்வாடி டீச்சராக இருந்தபோது ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை இது, பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்று உட்கார்ந்துவிட்டேன். நிதானமாகப் படி. நின்றுகொண்டு படிக்காதே, பாதியில் கீழே வைக்காதே.

பொங்கலுக்கு நீ வந்ததைப் பேசாமல் மேலே போக முடியாது. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பை தூக்கிக்கொண்டு நீ வாசலில் வந்து நின்றாய். உங்கப்பா கட்டிலில் இருந்து எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி, உக்காருங்க. எந்தூருங்க நீங்க?" என்றார். நீ பிறந்ததிலிருந்து உன்னை டேய் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனுஷன். அவர் உன்னைத் திட்டியிருந்தால்கூட நீ தாங்கியிருப்பாய், அந்த 'ங்க'வைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேலம் டாக்டர் இந்த வியாதிக்கு ஒரு பேர் சொன்னார், மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இது திரும்பாது, மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றும் சொன்னார். அதை உனக்குப் போனில் சொன்னேன். போனில் கேட்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு என்று உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு அப்புறம் நீ செய்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சோழிக் கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ லீவு முடிந்து ரயிலேறிவிட்டாய், மிச்சத்தை வீட்டிலிருந்து பார்த்தவள் நான்.

மண்டபம் கடற்கரையில் உனக்குக் கடல் ஆராய்ச்சி வேலை கிடைத்து முதல் முறை நீ பொங்கலுக்கு வந்த வருஷம். உங்கப்பா செவலைக் காளைக்குக் கட்டுகிற கழுத்துப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் கோத்திருந்த சோழிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "கடக்கரைல ஒரு செடில காய்க்குதாம் இது. என்னமா வெளைஞ்சிருக்குது பாரு" என்றார். நீ சிரித்துவிட்டாய். "அப்பா, அது கொட்டை இல்ல. கடல் நத்தை. அது உசுரோட இருந்த ஓடு" என்றாய். அவருக்கு வந்ததே கோபம். "யார்கிட்டடா கதை வுடற? நத்தை ஓடு கையில புடிச்சா நொறுங்கும். இத எருது மிதிச்சாலும் ஒடையாது. படிச்சிட்டா எங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதுன்னு நெனைப்பா?" டீக்கடையிலும் போய்ச் சொன்னார், ஊரே உன்னைப் பார்த்துச் சிரித்தது. உனக்கு அவருடைய ரோஷம்தானே வந்திருக்கிறது. அடுத்த லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு கர்சீப் வாங்கி வரத் தோன்றவில்லை, ஒரு கேனில் கடலையே, உள்ளே உயிருள்ள ஒரு சோழியோடு, தூக்கிக்கொண்டு வந்தாய். ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன் என்றாய். பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன மோட்டார் அதில் முட்டை முட்டையாகக் காற்று விட்டுக்கொண்டிருந்தது. நான் ஊறுகாய் போடுகிற கண்ணாடி ஜாடியைக் கேட்டாய். தரமாட்டேன் என்றேன். தந்தேன்.

முதல் நாள் முழுக்க அது அசையாமல் வெறும் சோழியாகவே கிடந்தது, உங்கப்பாவும் ஜெயித்துவிட்ட கெலிப்போடு திரிந்தார். மறுநாள் விடியும்போது மாடு கறக்க எழுந்தவர், "இந்தா புள்ள, ஓடியா, ஓடியா" என்று கிசுகிசுப்பாகக் கூப்பிட்டார். சத்தம் போட்டால் அது பயந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கொம்பு, மிளகைவிடச் சின்னதாகக் கண். ஓட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் கருப்பாய்ச் சதை மேலே வந்து, ஓட்டையே மூடிக்கொண்டது. "பாரு புள்ள, போர்வைய இழுத்துப் போத்திக்குது" என்றார். நீ வந்து, அந்தச் சதைதான் ஓட்டை மூடி மூடி வளர்க்கிறது, அதனால்தான் சோழிக்கு அந்தப் பளபளப்பு, நாம் தேய்த்து வருவதில்லை என்று சொன்னாய். அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நாம மாட்டுக்குக் கட்றதெல்லாம் செத்ததுங்களோட வூடா?" என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் செவலையின் பட்டையை அவிழ்த்தவர்தான், பிறகு எந்த மாட்டுக்கும் கட்டவில்லை. ஏன் என்று யார் கேட்டாலும் கயிறு இற்றுப்போச்சு என்பார்.

நீ கிளம்பும்போது கேனைத் தூக்கினாய். "இருக்கட்டுமே. நீ போய்ட்டா வூடு வெறிச்சுன்னு கெடக்குது. அடுத்த தடவ வர்றப்ப எடுத்துக்கிட்டுப் போ" என்றார். சரவணா, உன்னிடம் அவர் வாயைத் திறந்து ஒன்று கேட்டது அதுதான். சட்டை கேட்டாரா, செல்போன் கேட்டாரா? நீயும் யோசித்துப் பார்த்துவிட்டு, பொழைக்குமா தெரியலப்பா என்று சொல்லிவிட்டுத்தான் விட்டுப் போனாய். மிச்சக் கடல் தண்ணீரைக் கேனில் வைத்து, இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஊற்று என்றாய். அவர் கழனிக்குப் போகும்போதும் வரும்போதும் ஜாடியைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவார்.

கொஞ்ச நாளில் ஜாடித் தண்ணீர் கலங்கிவிட்டது. கேனில் இருந்ததும் நாற்றமெடுத்தது. உங்கப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி வந்துடுச்சு, இது மட்டும் இந்தச் சாக்கடையில கெடக்கோணுமா?" என்றார். போர்வெல் தண்ணீர் ஊற்றலாமே என்றேன் நான். என்னை முறைத்தார் பார். "அதுக்கும் பல்லு இருக்குது தெரியுமா? அடியில பாரு, வரிசையா. போர் தண்ணிய ஊத்துனா நம்மளாட்டம் கறை புடிச்சிக்கும்." அவர் பல்லும் என் பல்லும் உனக்குத் தெரியும். அந்த ஃப்ளோரைடுத் தண்ணீரைக் குடித்துத்தான் அவருக்கு முட்டி மடங்காமல் போனது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்த அன்றைக்கு ஒரு சொம்பு குடித்துவிட்டு, இனிக்குது புள்ள என்று சொன்ன மனுஷன் அவர். அந்தத் தண்ணீரைத்தான், குடிக்கிற குடத்திலிருந்து மொண்டு, துணியில் வடிகட்டி, ஜாடி நிறைய ஊற்றினார். வீட்டில் இருந்ததிலேயே உசந்தது அதுதான். கடலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கடல் உப்பு என்று கேள்விப்பட்டிருப்பார், ஆனால் நல்ல தண்ணீர் ஒரு உயிரைக் கொல்லும் என்று தர்மபுரி ஜில்லாவில் யாருக்குத் தோன்றும்?

அது போர்வையை உள்ளே இழுத்துக்கொண்டது, பிறகு வெளியே வரவே இல்லை. தூங்குகிறது என்றார். நாற்றம் வந்த பிறகுதான் நம்பினார். எறும்பு வந்து உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டுப் போனது, ஓடு மட்டும் மிஞ்சியது. உனக்குப் போன் போட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கடல் நத்தைக்கு ஒகேனக்கல் தண்ணி ஊத்துன ஒரே ஆளு நீதாம்ப்பா" என்றாய். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, "உப்பாவது கலந்திருந்தா கொஞ்ச நாள் தாங்கியிருக்கும், விடுப்பா" என்று நீ சொன்னாய். போனை வைத்த பிறகு அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றார். உனக்கு இது ஒரு வேடிக்கை, கவிதாவுக்குச் சொல்லியிருப்பாய், கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லியிருப்பாய். அதில் தப்பில்லை. நல்ல வேடிக்கைதான்.

அப்புறம் வியாதி வந்தது. முதலில் அரூர் சந்தைக்குப் போனவர் எந்த பஸ் என்று தெரியாமல் நின்றார். பிறகு கழனிக்கு வழி மறந்தது, பிறகு மாட்டின் பேர், பிறகு உன் முகம். ஒரு நாள் காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனேன். கல்லுப்பு ஜாடியைத் திறந்து, டம்ளர் தண்ணீரில் போட்டு, விரலால் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டார். அந்தச் சோழி ஓட்டை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தாரோ தெரியாது, எடுத்து அந்தத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார். என்னங்க பண்றீங்க என்றேன். "பையன் குடுத்துட்டுப் போனதுங்க. வந்து கேப்பான்" என்றார். அன்றிலிருந்து தினமும் அதுதான். பழைய தண்ணீரைக் கொட்டி, புதுசாக உப்புக் கலந்து, ருசி பார்த்து ஊற்றுகிறார். தன் பேரைக் கேட்டால் திணறுகிறார். நீ போனில் சொன்ன உப்பை மறக்கவில்லை. இந்தத் தடவை சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று பிடிவாதமாக நிற்கிறது. சில நாள் அதைப் பிடுங்கி எறியலாம் என்றுகூட ஆத்திரம் வருகிறது. சில நாள் நானே உப்பை எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்தபோது இதைத்தான் பார்த்தாய். அதற்கு முன்பே அவரை நீ பரீட்சை வைத்துத் துளைத்துவிட்டிருந்தாய். கல்யாண ஆல்பத்தை விரித்து இது யாரு, அது யாரு என்றாய். என் மூஞ்சியப் பாருப்பா, நான் யாரு சொல்லு என்றாய். பால்வாடியில் நான் ஒரு பிள்ளையைக்கூட அப்படிக் கேட்டதில்லை, தெரியாத பிள்ளை பயந்துவிடும். அவரும் பயந்தார். கடைசியாக நீ டம்ளரைப் பார்த்துவிட்டு, இதாவது ஞாபகம் வரும் என்ற நப்பாசையில், சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, இது செத்துப் போச்சேப்பா. ஒகேனக்கல் தண்ணி ஊத்தி நீதான கொன்ன. சொல்லிச் சொல்லிச் சிரிச்சமே!" நீ பழைய வேடிக்கையைத்தான் சொன்னாய். அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "செத்துப் போச்சுங்களா?" என்று உன்னிடம் கேட்டார். "பையன் வந்தா நான் என்னங்க சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். உனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் போய் மாட்டுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எல்லாம் மறந்துவிட்டு மறுபடி உப்புக் கலந்தார். அந்த மறதியை அன்றைக்கு ஒரு நாள்தான் நான் கும்பிட்டேன்.

நீ மறுநாளே கிளம்பிவிட்டாய். கிளம்பும்போது, "எங்கப்பா செத்துட்டாரும்மா. உள்ள இருக்கறது வேற யாரோ. இனிமே என்னை வரச் சொல்லாத" என்றாய். அந்த வார்த்தைக்கு உன்னை அறைந்திருக்க வேண்டும். கை வரவில்லை, நீ அழுதுகொண்டிருந்தாய். இப்போது எழுத்தில் சொல்கிறேன், அது தப்பு. நொந்துபோய்ச் சொன்னாய் என்பதால் அது சரியாகிவிடாது. உன்னை மட்டுமா மறந்தார்? என்னைப் புள்ள என்று கூப்பிட்ட வாய் இப்போது ஏம்மா என்கிறது. சோறு ஆக்கிப் போட வருகிற யாரோ ஒரு அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "உங்க வூட்டுக்காரர் தேட மாட்டாருங்களா, பொழுதோட போங்கம்மா" என்று என்னை அனுப்பப் பார்க்கிறார். நான் போய் மாமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். நீ ரயிலேறிப் போய்விடலாம், நான் எங்கே போவது?

இப்போது கடிதத்தை எதற்கு எழுதினேனோ அதற்கு வருகிறேன். போன வாரம் பிரஷர் பார்க்க வருகிற நர்ஸ் பெண் வந்தாள். புதுப் பெண், இந்த வீட்டுக்கு முதல் தடவை. கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "என்னங்க ஐயா இது, டம்ளர்ல சோழி போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சோழி இல்லம்மா, உசுரு. என் பையன் கொண்டாந்தான். மடியில வெச்சிக்கிட்டே ரயில்ல வந்தான், ஒரு சொட்டு சிந்தல" என்று ஆரம்பித்தார். ஒரு வருஷமாக எந்தப் பேச்சையும் இப்படித் தொடர்ந்து பேசாதவர். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். சரவணன் என்று உன் பேரைச் சொன்னார். நீ கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரம் வைப்பதைச் சொன்னார். சின்ன வயதில் எருதாட்டத்தில் ஒரு காளை உன்மேல் பாய வந்ததாம், நீ ஓடாமல் நின்றாயாம், எல்லாரும் தைரியசாலி என்றார்களாம். "பயத்துல கால் நவரலம்மா அவனுக்கு. டவுசரெல்லாம் நனைஞ்சிபோச்சு. என் துண்ட சுத்திக் கூட்டிக்கிட்டு வந்தன். அம்மாகிட்ட சொல்லாதப்பான்னான். இன்னி வரைக்கும் சொல்லல" என்றார். உண்மையா, சரவணா? எனக்கு இது தெரியவே தெரியாது. நீ தைரியசாலி என்று நானும் இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆசை தாங்கவில்லை. வெளியே வந்து, "ஏங்க, சரவணன் போன்ல பேசினானுங்க" என்றேன். அவ்வளவுதான், திரை விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மைப் பார்த்தால் அவருக்குப் பரீட்சை. நாம் எதையோ எதிர்பார்த்து நிற்கிறோம், அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, பயப்படுகிறார். வெளியாளிடம் அந்தப் பயம் இல்லை. உன் முகம் அவரிடம் இல்லை, ஆனால் நீ மொத்தமாக அவரிடம்தான் இருக்கிறாய். யாரோ ஒருவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்.

அதனால், கண்ணு, ஒரு தடவை வா. நீ போகிற தேசத்தின் பேரே எனக்கு வாயில் நுழையவில்லை. அங்கே கடலெல்லாம் பனி என்கிறாய். போய்விட்டு நீ திரும்பும்போது அவர் இருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மகனாக வராதே. அந்த உரிமையை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வா. கடல் பூச்சிகளைப் பற்றிப் படித்தவன், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேள். அதில் பொய்யும் இல்லையே. ஐயா என்று கூப்பிடு. அப்பா என்று வாய் தவறி வந்துவிட்டால் இருமிக்கொள். டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லா பாத்துக்கிறீங்க, நல்லாயிருக்குது என்று சொல். கடல் படித்தவன் வாயால் அவர் அதைக் கேட்க வேண்டும். அது ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போ.

பிறகு, உங்க பையன் எப்படிங்க என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார். அவர் தப்பாகச் சொன்னால் திருத்தாதே. உன்னைப் பெரிய ஆள் என்பார், கூச்சப்படாதே. உன்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, எந்த அப்பனும் சொல்வதில்லை, இப்போதுதான் சொல்வார். அழுகை வந்தால் எழுந்து என்னிடம் வா, காபி ஆத்துகிற சாக்கில் நாம் ரெண்டு பேரும் அடுப்படியில் அழுதுகொள்ளலாம். கவிதாவையும் கூட்டி வா, அவளுக்கும் தன் மாமனார் குரலைக் கேட்டது மாதிரி இருக்கும்.

நீ கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் வருவார். வீட்டுக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் கொண்டுவிட வருகிறார். வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நர்ஸிடமும், அதற்கப்புறம் கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடமும், எல்லாரிடமும் சொல்வதைத்தான் உன்னிடமும் சொல்வார்: "நீங்க நாலு ஊர் போறவங்க. எங்க பையன் சரவணன எங்கியாவது பாத்தா, அப்பா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொன்னாருன்னு சொல்லுங்க." கையை உருவாதே. சொல்றேங்க ஐயா என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.

அம்மா